அண்ணாமலை பேரில் ஐந்து நட்சத்திரம்

ஒரு நட்சத்திரம் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று தேன்மொழி அன்றுதான் பார்த்தாள். ஐந்து கட்டங்களில் ஒன்று மட்டும் மஞ்சள். மற்ற நான்கும் வெறுமை.

"கீர்த்தனா. உங்கண்ணனுக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற பொண்ணுதானம்மா?" கார் ஷோரூம் மேனேஜர் முருகானந்தம், ரிவ்யூ பக்கம் திறந்திருந்த ஃபோனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஆமாங்க சார்."

"கட்டிக்கப் போறவன் வேலை பாக்குற ஷோரூமுக்கே ஒரு ஸ்டார். என்ன குடும்பம்மா இது?"

அந்தக் கேள்வியை மூன்று வாரமாக அவளே தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் மாதன் மாமாவின் புதுக் கார் மலை ரோட்டின் முப்பத்தி நாலாவது வளைவில் பிரேக் பிடிக்காமல் மண்மேட்டில் மோதி நின்றது. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போக அவர் ஆசையாக வாங்கிய ஏழு பேர் உட்காரும் கார். நல்லவேளையாக வண்டியில் அவரும் அத்தை இருசாயியும் மட்டும் இருந்தார்கள். அத்தைக்குக் கை முறிந்தது. அந்தக் காரை விற்றது தேன்மொழியின் அண்ணன் தமிழ்செல்வன். மாதன் மாமாவின் மகள் கீர்த்தனாவைத்தான் அடுத்த மாதம் அவன் கட்டிக்கொள்ளப் போகிறான். மோதிய பிறகு காரைச் சரிபார்க்கச் சொல்லி மாதன் நாலு முறை மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கி வந்தும் ஷோரூம் இன்றைக்கு, நாளைக்கு என்று சொல்லியே அனுப்பியது.

"திங்கக்கெழம கம்பெனியில இருந்து ஆளு வர்றாங்க. அதுக்குள்ள இது போயிரணும். நீ போய்க் கேட்டா எடுத்துருவாங்க. அந்தூட்டுல உம்மேல ஒரு இது இருக்குதில்ல?"

"வண்டியப் பாத்துக் குடுத்தா அவங்களே எடுத்துருவாங்க சார்."

"மொதல்ல எடுக்கச் சொல்லு. அப்புறம் வண்டியப் பாக்கலாம்."

வெளியே வந்தபோது தமிழ்செல்வன் கண்ணாடிக் கதவு ஓரம் நின்றிருந்தான். அவன் கையில் ஆபீஸ் ஃபோன். வழக்கமாக அது அவள் மேசை டிராயரில் இருக்கும். கல்யாணப் பத்திரிகை வேலையாக அவள் இரண்டு நாள் லீவு போட்டிருந்ததால் அவன் எடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

"நீயும் வாயேண்ணா."

"மாப்பிள்ள போய் நின்னு கெஞ்சுனா நல்லாவா இருக்கும்? நீ போய்ட்டு வா."

அவன் தலை நிமிரவில்லை.

*

இரண்டு வருடமாக அவள் வேலையே இதுதான். டெலிவரி நாளில் காருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, குடும்பத்தை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்த கையோடு, "ஷோரூமப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்பாள். கீழ்நாட்டுக்காரர்கள் தங்கள் ஃபோனிலேயே தட்டிவிடுவார்கள். மலைக்காரர்கள் பாதிப்பேரிடம் பட்டன் ஃபோன்தான். அதனால் அவர்கள் பேரில் அவளே ஆபீஸ் ஃபோனில் அக்கவுன்ட் தொடங்கி, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவாள். எல்லா அக்கவுன்ட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அம்மா பேரும் அவள் பிறந்த வருடமும்.

சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. "சீட்டு எங்க மாமியா மடியாட்டம் மெத்துனு இருக்குது" என்று ஒருவர் சொன்னதை அப்படியே எழுதினாள். சென்றாயன் என்கிற தேவனூர்க்காரர் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"அஞ்சையும் என்னையே குடுக்கச் சொல்ற. அடுத்து வர்றவன் என்னத்தக் குடுப்பான்?"

"அவருக்குத் தனியா அஞ்சு இருக்குதுங்க."

"அப்ப பரவால்ல, போடு."

ஒரே ஒருமுறைதான் அவள் பொய் எழுதினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மேனேஜர் கேட்ட எண்ணிக்கைக்கு ஒன்று குறைந்தது. சைக்கிள்கூட வாங்காத அப்பா அண்ணாமலை பேரில் ஒரு அக்கவுன்ட் தொடங்கி, ஐந்து நட்சத்திரம் போட்டு, 'நல்ல ஷோரூம்' என்று எழுதினாள். வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். "எனக்குக் கார் எப்பக் கண்ணு வருது?" என்று கேட்டார்.

மாதன் வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்கூட்டி வளைவு வளைவாக ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் கீழே இருக்கும் ஊர் இன்னும் கொஞ்சம் விளையாட்டுச் சாமான் மாதிரி ஆனது. முப்பத்தி நாலாவது வளைவில் மண்மேட்டில் விழுந்த கீறல் இன்னும் ஈரச் சிவப்பாக இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் கடந்தாள்.

*

வாசலூர்பட்டியில் மாதன் வீட்டு ஓரம் கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இருசாயி கட்டுப் போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, கால் கட்டைவிரலால் மரவள்ளிக் கிழங்கை அழுத்திப் பிடித்து ஒற்றைக் கையால் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாளென்றால் தூரத்திலேயே "வா சாமி, சாப்பிட்டியா?" என்று குரல் வரும்.

இன்றைக்கு, "வா" என்றாள். அவ்வளவுதான்.

மாதன் உள்ளேயிருந்து வந்தார். ஒடிசலான மனிதர். மூன்று வாரத்தில் இன்னும் இளைத்திருந்தார்.

"என்ன கண்ணு, எடுக்கச் சொல்லி உன்னத் தாட்டி உட்டாங்களாக்கும்?"

"மாமா, கீர்த்தனா போட்டது தப்புன்னு நான் சொல்ல வரலீங்க. திங்கக்கெழம கம்பெனி ஆளு..."

"மொதல்ல இதப் படி." கீர்த்தனா வாசலில் நின்று ஃபோனை நீட்டினாள். வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால் படமாகப் பிடித்து வைத்திருந்தாள். "நான் போட்டது புதன்கெழம. இது வியாழக்கெழம. சத்தமாப் படி."

ஐந்து நட்சத்திரம். பெயர்: அண்ணாமலை, தேவனூர்.

தேன்மொழி படித்தாள். "காரில் ஒரு குறையும் இல்லை. மாதன் டெலிவரி எடுக்க வந்த அன்றைக்கே குடித்திருந்தார். குடித்துவிட்டு ஓட்டினால் பிரேக் என்ன செய்யும்? அவர் எனக்குச் சம்பந்தி ஆகப் போகிறவர். இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்..."

குரல் நடுவிலேயே நின்றுவிட்டது.

"கீழயும் தள்ளிப் பாரு. சென்றாயன், பெருமாயி இன்னும் நாலு பேரு. எல்லாரும் ஒரே பாட்டுத்தான்," என்றாள் கீர்த்தனா.

"நேத்து ஏரிக்கரையில இருக்கறப்ப ஈரோட்டுக்காரங்க ஃபோன் பண்ணுனாங்க," என்றார் மாதன். "நாளைக்கு அருவிக்குப் போறதுக்கு என்னத்தான் சொல்லி வெச்சிருந்தாங்க. தம்பியோட வண்டிய வாங்கி ஓட்டலாம்னு இருந்தேன். வேண்டாம்னுட்டாங்க. என்னங்க காரணம்னா, 'நீங்க குடிச்சுட்டு ஓட்டுவீங்களாமே, உங்க சொந்தக்காரரே எழுதியிருக்காரே'ங்கறாங்க. இந்த மலையில குடிச்சுட்டு ஓட்டறவன்னு பேரு வாங்குனவன் வண்டியில ஒரு குருவி ஏறுமா? எனக்கு வேற என்ன தொழில் இருக்குது?"

"மாமா, எங்கப்பாவுக்கு எழுதத் தெரியாதுங்க."

"அது எனக்குத் தெரியாதா? நானும் அவனும் ஒண்ணாத்தான பள்ளிக்கோடத்துக்குப் போகாம ஓடுனம்." அவர் சிரிக்கவில்லை. "இதுல அண்ணாமலைக்கே தெரியாத ஒண்ணு இருக்குது கண்ணு. டெலிவரி அன்னைக்கு நான் ஒரு கிளாஸ் போட்டது. மோந்து பாத்துட்டுச் சிரிச்சது நீ ஒருத்திதான். ஊட்டுல சொல்லிராதன்னு உங்கையப் புடிச்சுக் கேட்டேன்."

கிழங்கு உரிக்கும் சத்தம் நின்றது.

"ஏனுங்க, அப்ப அது நெசந்தானா?" என்றாள் இருசாயி. "பதிமூணு வருசமாத் தொடலீன்னு சாமி மேல அடிச்சுச் சொன்னீங்களே! அத்தனையும் புழுகுன்னு நான் தெருவெல்லாம் சண்ட போட்டுட்டு வந்திருக்கறேன்!"

"ஒரு கிளாசுதான் இருசாயி. சந்தோசத்துல. அன்னைக்கு வண்டிய நம்ம மாப்ளதான ஓட்டிட்டு வந்தாரு? மோதுன அன்னைக்கு நீ பக்கத்துலதான உக்காந்திருந்த? சொல்லு, வாசம் அடிச்சுதா?"

"உங்ககிட்ட அன்னைக்கு வேர்வை வாசந்தான் அடிச்சுது," என்றாள் அவள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாதன் தேன்மொழியைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வழி தெரியாத இடத்தில் இறக்கிவிடப்பட்டவர் மாதிரி பார்த்தார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லையா? சொல்லியிருந்தாள். டெலிவரி அன்று ராத்திரி அண்ணனோடு சாப்பிடும்போது, மாமா வாயைப் பொத்திக்கொண்டு பேசியதை நடித்துக் காட்டியிருந்தாள். சோற்றில் கையை வைத்தபடி விழுந்து விழுந்து சிரித்தது தமிழ்செல்வன்.

"நான் எழுதலீங்க மாமா," என்றாள். அடுத்த வார்த்தையைச் சொன்னால் அது அண்ணன் பெயராக இருக்கும். கீர்த்தனா எதிரே நின்றிருந்தாள்.

*

படகு இல்லம் இருக்கும் ஏரிக்கரையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று, தன் ஃபோனிலிருந்து அப்பாவின் அக்கவுன்ட்டைத் திறக்கப் பார்த்தாள். பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி போட்டாள். தவறு. அம்மாவின் பேரை எழுத்து எழுத்தாக அழுத்தினாள். தவறு.

"பாஸ்வேர்டு மாத்துனியாண்ணா?" அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

மறுமுனையில் ஷோரூம் சத்தம். யாரோ ஹாரன் அடித்துப் பார்த்தார்கள்.

"மேனேஜரு மாத்தச் சொன்னாரு."

"அப்பா பேர்ல அதை எழுதுனது?"

மறுபடி ஹாரன் சத்தம்.

"நீயாண்ணா?"

"கத்தாத. பக்கத்துல ஆளு இருக்குது." நடக்கும் சத்தம். ஒரு கதவு. "தேனு, டெலிவரிக்கு முன்ன வண்டியப் பாத்தேன்னு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டது நானு. பிரேக்கு, லைட்டு, எல்லாம் டிக் அடிச்சுக் குடுத்தேன். பாக்கல. அன்னைக்கு நாலு டெலிவரி, நல்ல நேரம் முடியப் போகுதுன்னு எல்லாரும் கத்தறாங்க. திங்கக்கெழம அந்த ஃபாரத்த எடுத்தாங்கன்னா என் வேலை போச்சு. வேலை போனவனுக்கு உங்க மாமா பொண்ணு குடுப்பாரா?"

"அவரு பேரக் கெடுத்துட்டு அவரு பொண்ணையே கட்டிக்குவியா?"

"கல்யாணம் முடிஞ்சதும் எடுத்துரலாம்னு இருந்தேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான் என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. காய வைத்த துணியைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

"போயும் போயும் அப்பா பேரையா போடுவ?"

"வேற யாரு சொன்னாலும் பொறாமையில சொல்றாங்கம்பாங்க. அப்பா சொன்னா நம்புவாங்க." பிறகு அவன் குரல் கொஞ்சம் மாறியது. "நீ ரொம்ப ஒழுங்காட்டம் பேசாத. காரே வாங்காத மனுசனுக்கு அஞ்சு ஸ்டார் போட்டு மொதல்ல அவர உள்ள இழுத்து உட்டது யாரு?"

அவன் வைத்துவிட்டான். ஏரியில் யாரோ ஒரு குடும்பம் மிதி படகில் வட்டம் அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் எந்த ரிவ்யூவைப் படித்துவிட்டு இந்த மலைக்கு வந்திருப்பார்கள் என்று அர்த்தமில்லாமல் யோசித்தாள்.

*

அண்ணாமலை தேவனூர்க் காட்டில் சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியின் மேலே நின்று மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கீழே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் சொன்னதையும், ஃபாரத்தையும், டெலிவரி அன்று ராத்திரி தான் சிரித்ததையும். எதையும் மறைக்கவில்லை.

அவர் இறங்கி வந்தார். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

"இத யாராரு படிச்சிருப்பாங்க?"

"யாரு வேணும்னாலும் படிக்கலாம்ப்பா."

"நாமக்கல்லுல இருக்கறவனுமா?"

"அமெரிக்காவுல இருக்கறவனும்."

"மாதன நான் குடிகாரன்னு சொன்னதா?"

"ஆமாங்கப்பா."

அவர் நெடுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவை தனக்குத் தெரியாமல் எதையோ செய்துவிட்ட மாதிரி. பிறகு எழுந்து தொட்டியில் முகம் கழுவி, மரத்தில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"வண்டிய எடு. அவன் முன்னால நின்னு எவ்வாயால சொல்லோணும்."

அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்கு மூச்சு இலகுவாக வந்தது. அப்பா சொல்லிவிடுவார். சொன்ன பிறகு என்ன நடந்தாலும் அது உண்மையில் நின்று நடக்கும். ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணம் என்னப்பா ஆகும்?"

தோளில் இருந்த கை மட்டும் ஒருமுறை இறுகித் தளர்ந்தது.

*

மாதன் வீட்டு வாசலில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. இரண்டு ஆண்களும் எதிரெதிரே நின்றார்கள். யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. அக்கவுன்ட்டைத் திறக்க முடியவில்லை என்று தேன்மொழி சொல்லி முடித்திருந்தாள்.

"எழுதுனத அழிக்க முடியலீன்னா, நீங்க வாயால சொல்லுங்க மாமா," என்றாள் கீர்த்தனா. "வீடியோ எடுத்து அதே எடத்துல நான் போடறேன். கம்பெனி ஆளுக்கும் அனுப்பறேன்."

அண்ணாமலை தலையாட்டினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கீர்த்தனா ஃபோனை உயர்த்தினாள்.

"நான் தேவனூர் அண்ணாமலைங்க. எம்பேர்ல இருக்கறத நான் எழுதல. எனக்கு எழுதத் தெரியாது. மாதன் குடிச்சுட்டு வண்டி ஓட்டுனத நான் ஒருக்காலும் பாத்ததில்ல. அவன் வண்டியில எங்கூட்டுப் புள்ளைங்கள நான் கண்ண மூடிட்டு ஏத்தி உடுவேன்."

இருசாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தேன்மொழிக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அப்ப எழுதுனது யாருங்க மாமா?" என்றாள் கீர்த்தனா.

அவர் கக்கத்துத் துண்டை இறுக்கிக்கொண்டார்.

"எம்பொண்ணுங்க. தேன்மொழி."

முதலில் அவளுக்குத் தன் பேர் என்றே உறைக்கவில்லை.

"எம்பேர்ல எழுதறது அவளுக்குப் பழக்கந்தானுங்க. நான் கார் வாங்காதப்பவே எழுதுனவ. வேலைக்குப் பயந்து பண்ணீட்டா. வெவரம் பத்தாத புள்ள. மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் பேச்சில் தடுமாற்றமே இல்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். தோளைப் பிடித்துக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் மாதன். "ஏங்கண்ணு, உன்ன எம்புள்ளையாட்டந்தான நெனச்சேன்? கேட்டதுக்குக்கூட நான் எழுதலீன்னு எம்மூஞ்சியப் பாத்துச் சொன்னியே."

கீர்த்தனா ஃபோனை மெல்ல அவள் பக்கம் திருப்பினாள்.

"நீ சொல்லு தேனு. நீதானா?"

அப்பா அவளைப் பார்த்தார். அந்தக் கண்களில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. ஒரு 'ஆமாம்' போதும். கல்யாணம் நடக்கும். அண்ணன் மேடையில் நிற்பான். மாதன் மாமாவின் பெயர்கூடப் பாதி மீண்டுவிடும். இந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் அவள் இனி வரமாட்டாள். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்ததில் மிகக் குறைவாகச் சேதமாவது அவள்தான்.

"அக்கவுன்ட்டு எல்லாம் தொடங்குனது நான்தான்," என்றாள் தேன்மொழி. "அப்பா பேர்ல மொதல்ல பொய்யா அஞ்சு ஸ்டார் போட்டதும் நான்தான். மாமா குடிச்சத வெளிய சொல்லிச் சிரிச்சதும் நான்தான்."

அண்ணாமலையின் தோள்கள் இறங்கின.

"ஆனா இத நான் எழுதல."

"சாமி..." என்றார் அப்பா.

"நான் எழுதலீங்கப்பா. யாரு எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியும். மரத்தடியில வெச்சு எல்லாத்தையும் சொன்னேன்."

அடுத்த கேள்வி வரும் என்று தேன்மொழி காத்திருந்தாள். கீர்த்தனா அதைக் கேட்கவில்லை. வீடியோவை நிறுத்தினாள். ஷோரூமில் அக்கவுன்ட் தொடங்கித் தர ஒருத்தி, அந்த ஆபீஸ் ஃபோனைத் தொட இன்னொருவன். மிச்சம் யார் என்று பார்க்க அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள்.

"அம்மிணி, நில்லு," என்றார் அண்ணாமலை. "கீர்த்தனா! நான் சொல்றத ஒரு நிமிசம்..."

அவள் நிற்கவில்லை.

மாதன் உள்ளே போனார். இருசாயி எழுந்து அவர் பின்னால் போனாள். கதவைச் சாத்தவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

தேன்மொழி ஸ்கூட்டியை எடுத்துத் திருப்பி நிறுத்தினாள்.

"ஏறுங்கப்பா."

"நீ போ. நான் பஸ்ஸுல வாரேன்."

"கடைசி பஸ் போயிருச்சுங்கப்பா."

அவர் அவளைத் தாண்டி ரோட்டில் இறங்கி நடந்தார். துண்டு இன்னும் கக்கத்திலேயே இருந்தது. பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போவதா, இங்கேயே நிற்பதா என்று தெரியாமல் அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

ஏரிக்கரையில் கீர்த்தனா ஃபோனைக் காதில் வைத்திருந்தாள். இங்கிருந்து முகம் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. அவள் பேசவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெகுநேரமாக அசையாமல் நின்று, அண்ணன் சொல்லிக்கொண்டிருந்த எதையோ, கேட்டுக்கொண்டே இருந்தாள்.